வரிசையில் முதல் ஆள்

பெர்னீஸ் ஓல்ட்ராய்டுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த முயலே வந்து நாலாவது காலை நீட்டிக் காட்டினாலும், "அது உன் கால் இல்ல கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். முப்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் கரண்டி பிடித்தவள் அவள். ஒருமுறை, பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் போடுவதை நிறுத்தச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்தது. வாங்கி மேஜையில் விரித்து, அதன்மேல் கொதிக்கிற கஸ்டர்ட் சட்டியை இறக்கி வைத்தாள். அந்தப் பள்ளியில் இன்றைக்கும் கஸ்டர்ட் உண்டு.

ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறைக்கும் அவள் குடும்பம் நாலு தலைமுறையும் ஒரே வேனில் ஊர் பார்க்கக் கிளம்பும். வேன் என்னுடையது, ஆகவே ஓட்டுவதும் நான்தான். கடற்கரை, இடிந்த மடாலயம், பிரபு மாளிகை, எங்காவது. எங்கே என்று முடிவு செய்யும் உரிமை வயதில் மூத்தவருக்கு, அதாவது பெர்னீஸின் அப்பா வில்ஃபுக்கு. போன வருடம் அவருக்கு எண்பத்தாறு. இதயம் பாதிதான் ஓடுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"ஆல்டர்ஷா. ஏரிக்கரை பெஞ்சு," என்றார் வில்ஃப். "எனக்கு இதுதான் கடைசி. அழுமூஞ்சியா எவனும் வர வேண்டாம்."

ஆல்டர்ஷா மாளிகைத் தோட்டத்தின் குறுக்கே ஒரு பொது நடைபாதை போகிறது. எங்கள் ஊர் ஆலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வேலைக்கு நடந்த வழி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் அப்போதைய பிரபு அதற்குச் சங்கிலி போட்டுப் பார்த்தார். வில்ஃபின் அப்பா ஒரு தறிக்காரர். அறுபது பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், கதவையே கீலோடு கழற்றி மரியாதையாகச் சுவரில் சாத்தி வைத்தார், எல்லோருமாக ஏரிக்கரைக்குப் போய் முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அந்த அறுபது பேரில் இன்னும் உயிரோடு இருந்தது அன்று பத்து வயதுப் பையனாக நடந்த வில்ஃப் ஒருவர்தான். அவர் ஏன் அந்த பெஞ்சைக் கேட்டார் என்று எங்கள் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேவாலயத்துச் சந்தில் வேனை நிறுத்தினேன். நடைபாதைக் கதவில் புதுப் பூட்டு. 'பார்வையாளர்கள் பிரதான வாயிலுக்குச் செல்லவும்' என்று பச்சைப் பலகை. நடைபாதைக்கு அடையாளமாக நின்ற மரக்கம்பம் முழங்கால் உயரத்தில் அறுபட்டுக் கிடந்தது. அறுத்த இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கெட்ட வார்த்தை சொன்னேன். பெர்னீஸின் பேத்தி ஐவிக்கு ஆறு வயது, இரண்டையும் அழகாகத் திருப்பிச் சொன்னாள்.

பெர்னீஸின் மகள் கெர்ரி பூட்டை ஆட்டிப் பார்த்தாள். மருமகன் கேரத் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "பேசாம டிக்கெட் வாங்கிடலாமே அத்தை," என்றான். "தலைக்கு இருபத்தாறு பவுண்டுதான். குடும்ப டிக்கெட்னு ஒண்ணு இருக்கு."

"அதுல என்ன போட்டிருக்கு, படி."

கேரத் கைபேசியைப் பார்த்தான். "ரெண்டு பெரியவங்க, மூணு குழந்தைங்க."

"எங்கப்பா அதுல யாரு? குழந்தையா?"

"சொல்லித்தான் பாரேன்," என்றார் வில்ஃப். "பல்லும் இல்ல, நடக்கவும் வரல. நம்பிருவானுங்க."

"நீங்க சும்மா இருங்கப்பா. எங்க தாத்தா கதவைக் கழட்டி வெச்சுட்டு நடந்த வழி இது. இன்னைக்கு நாம டிக்கெட் வாங்கினா, நாளைக்கு, ஓல்ட்ராய்டு குடும்பமே காசு குடுத்துத்தான் வந்துச்சும்பானுங்க. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

அதற்குள் நாலு சக்கர மோட்டார் வண்டியில் தோட்டத்து ஆள் ஒருவன் உள்பக்கமாக வந்து நின்றான். சட்டையில் ஜாஸ்பர் என்று பெயர். "மன்னிக்கணும்மா, இந்தப் பக்கம் இப்ப தனியார்."

பெர்னீஸ் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும், அதற்குள் வரைபடம். மற்றப் பெண்கள் நகை மாட்டுகிற இடம் அது. "இந்தப் பச்சைக் கோடு தெரியுதா கண்ணு? பொது வழி. ஒருதடவை வழின்னு ஆச்சுன்னா எப்பவும் வழிதான். இது சட்டம், நான் சொல்லல."

"சாவி மேலாளர்கிட்ட இருக்கும்மா. அவங்க வர அரை மணியாவது ஆகும்."

"வரட்டும். டீ இருக்கு."

பூட்டுக்கு நேராக வில்ஃபின் நாற்காலி. அதன் பின்னால் மடக்கு நாற்காலிகளை விரித்தோம். சந்து குறுகல் என்பதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போட முடிந்தது. பெர்னீஸ், கெர்ரி, ஐவி, நான், கடைசியில் உட்கார மனமில்லாமல் நின்ற கேரத். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினோம். பன்றிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தை நறுக்கிக் கொடுத்தோம்.

அப்புறம் நடந்ததை இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம்தான் எதிர்பார்க்க முடியும். நாயோடு ஒரு தம்பதி சந்துக்குள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் இருப்பதைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் கேரத்தின் பின்னால் போய் நின்றார்கள். பிறகு மழைக்கோட்டு போட்ட ஒரு குடும்பம், அதன் பின்னால் மிதிவண்டிக்காரர்கள் நாலு பேர். எதற்கு நிற்கிறோம் என்று ஒருவருமே கேட்கவில்லை. வரிசை என்று ஒன்று இருந்தால் முடிவில் ஏதாவது நல்லது இருக்கத்தான் செய்யும் என்பது இங்கே மத நம்பிக்கை மாதிரி.

"நகருதா?" என்று நாய்க்காரர் கேட்டார்.

"இன்னும் இல்ல," என்றான் கேரத். பொய் சொல்ல வராதவன், சொல்லவும் இல்லை.

முக்கால் மணியில் வரிசை தேவாலயச் சுவரைத் தாண்டித் திரும்பிவிட்டது. ஐவி ஓடிப்போய் எண்ணிக்கொண்டு வந்தாள். நாற்பத்தேழு பேர், மூன்று நாய். பெர்னீஸ் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன், ஆனால் சத்தம் வரவில்லை.

மேலாளர் வெளிவழியாகச் சுற்றி வந்தார். முத்து மாலை, சேறு படாத காலணி. வரிசையின் ஓரமாக நேரே கதவை நோக்கி நடந்தார்.

"எம்மா, வரிசை இருக்கு," என்றாள் மழைக்கோட்டுக்காரி.

"நான் இங்க மேலாளர்."

"அப்ப சீக்கிரம் திறங்க. நாப்பது நிமிஷமா நிக்கிறோம்."

"இங்க வரிசையே கிடையாது," என்றார் மேலாளர். "தயவுசெஞ்சு எல்லாரும் பிரதான வாயிலுக்குப் போங்க. டிக்கெட் அங்கதான்."

நாற்பத்தேழு பேரும் மேலாளர் பக்கம் திரும்பினார்கள். நின்ற வரிசையை இல்லை என்று சொல்வதைவிட அந்த அம்மா அவர்கள் தாயைத் திட்டியிருக்கலாம். "மறுபடி முதல்லேர்ந்து நிக்கணுமா?" என்று ஒரு குரல். "பெரியவர் எங்களுக்கெல்லாம் முன்னாடி வந்தவர். முதல்ல அவரை விடுங்க," என்று நாய்க்காரர். உட்காராத கேரத் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். "இது பொது வழிங்க. பூட்டினதுதான் குற்றம். அத்தை, வரைபடத்தைக் காட்டுங்க."

மேலாளர் வரைபடத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இன்னைக்கு மட்டும்," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

கதவு திறந்ததும் வில்ஃப் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். "என்னைத் தூக்கி விடு."

"அப்பா, டாக்டர் என்ன சொன்னார்?"

"அவன் கிடக்கான். உருண்டு போறதுக்கு எங்கப்பா கதவைக் கழட்டல."

பெர்னீஸ் ஒரு பக்கம், கேரத் ஒரு பக்கம். வில்ஃப் ஆறு அடி நடந்து உள்ளே போனார். நான் எண்ணினேன். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே அத்தனை பேரும் வந்தார்கள், ஒருவரும் ஒருவரை முந்தாமல், ஏரிக்கரை வரைக்கும்.

"இங்க என்னங்க பார்க்கணும்?" என்று நாய்க்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார் வில்ஃப், முட்டை சாண்ட்விச்சை மென்றபடி. "உக்காரலாம்."

பிப்ரவரியில் வில்ஃப் போய்ச் சேர்ந்தார். பெர்னீஸ் கவுன்சிலுக்குப் பதினொரு கடிதம் எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதினொரு பதில் வந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், கவுன்சில் அம்மியைவிடக் கனம் போலிருக்கிறது. ஈஸ்டர் திங்களன்று அவளும் நானும் ஆல்டர்ஷாவுக்குப் போனோம். பூட்டு மறுபடி தொங்கியது. பெர்னீஸ் வேனிலிருந்து அப்பாவின் சக்கர நாற்காலியை இறக்கிப் பூட்டுக்கு நேராக நிறுத்தி, அவர் தொப்பியை அதன்மேல் வைத்தாள். அதன் பின்னால் தன் நாற்காலியை விரித்து உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் நான்.

பத்து நிமிடம் கழித்து, முதுகுப் பையோடு ஒரு ஆள் சந்துக்குள் வந்தார். பெர்னீஸிடம் குனிந்து, "நீங்கதான் முதல் ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் பெர்னீஸ். "முதல் ஆள் எங்கப்பா. நான் ரெண்டாவது."

அவர் தொப்பியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வந்து நின்றார்.