அவிழ்த்து வைத்த சிவப்புத் துணி

பிரியமானவர்களே, சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே தெரிவார்கள். நான் அப்படித் தெரிய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாலு வயதுப் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனோ என்று நடுங்கினேன். அந்த நடுக்கம் இன்னும் முழுதாக விட்டுப் போகவில்லை.

சுருளிப்பட்டிப் பக்கம் எனக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக் கேட்டில் வேத வசனம் எழுதி வைத்திருந்தேன். சபைக் கமிட்டியில் அப்போது நான்தான் செயலாளர். நீளமாக ஜெபிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று என் மனைவி கிரேஸே கேலி செய்வாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூச்சி மருந்து அடித்த வரிசையின் முதல் கல்தூணில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். துணி இருக்கும்வரை அந்த வரிசையில் ஒரு பழம்கூடப் பறிக்கக் கூடாது. மருந்து அடிக்கும் முத்தையா இதில் ரொம்பக் கறார்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரோட்டோர வரிசையில் அவன் மருந்து அடித்துத் துணியும் கட்டினான். கனிந்து வரும் பழத்தில் அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பூச்சி விழுந்துவிட்டதே என்ற பதற்றத்தில் நான்தான் அடிக்கச் சொன்னேன். மறுநாள் கேரளத்திலிருந்து ஒரு வியாபாரி பழம் பார்க்க வருவதாக இருந்தது. துணியைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுவார். வெட்டு எப்படியும் பதினைந்து நாள் கழித்துத்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவர் வந்து பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சித் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தில் துணியைத் திரும்பக் கட்ட மறந்துபோனேன்.

மறுநாள் ஞாயிறு, சபையில் அறுப்பின் பண்டிகை. முதற்பலனாக வரும் காய், கனி, கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் வளாகத்திலேயே ஏலம் விடுவோம். நான் விடியுமுன்பே கோயிலுக்குப் போய்விட்டேன். கிரேஸ் தோட்டத்தில் திராட்சை வெட்டிக் கூடையில் கொண்டுவந்தாள். பீடத்தின் முன்னால் எங்கள் குலைகள்தான் எடுப்பாக இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏலத்தில் கம்பம் டவுனிலிருந்து வரும் ஞானராஜ் வாத்தியார் அதை எடுத்தார். சபை விருந்தான அசனத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, அவர் மகள் ஜெனி கூடையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு டாட்டா காட்டினாள்.

பந்தி பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் நான் இலையில் உட்கார்ந்தேன். கிரேஸிடம் கேட்டேன்: "குலை பிரமாதமா இருந்துச்சே, எந்த வரிசைல வெட்டுன?"

"ரோட்டோர வரிசைலதாங்க. அங்கன துணி எதுவும் இல்லயே."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "கழுவுனியா?"

"கழுவுனா மேல இருக்க சாம்பப் பூச்சு போயி அழகு கெட்டுரும்னு நீங்கதான சொல்லுவீக?"

நான்தான் சொல்லுவேன். வாத்தியாருக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் ஜெபித்தேன். அது எப்படிப்பட்ட ஜெபம் என்று மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, பிள்ளை ஒரு பழம்கூட வாயில் வைத்திருக்கக் கூடாது" என்றேன். உள்ளே இன்னொன்று ஓடியது: "யாருக்கும் தெரியவும் கூடாது."

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "பிள்ளைக்கு வாந்தின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக."

ஆஸ்பத்திரிக்குள் எப்படி நுழைந்தேன் என்று நினைவில்லை. ஜெனி கட்டிலில் துவண்டு கிடந்தாள். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது, உடம்பெல்லாம் வேர்வை. வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாக்க ஓடி வந்துட்டியா தம்பி. அசனச் சாப்பாடு ஒத்துக்கல போல. வெயில் வேற."

ஒரு டாக்டரம்மா அதைக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். நான் கேட்ட மறைவு என் கைக்கே வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாப்பாட்டின் மேல் பழி போகும், நான் அக்கறையுள்ள சகோதரனாகவே இருந்துவிடலாம். பிள்ளையும் தானாகப் பிழைத்துக்கொள்ளலாம். பிழைக்காமலும் போகலாம். என் வாழ்க்கையில் அந்த ஒரு நிமிஷத்தைப் போல நான் எதற்கும் பயந்ததில்லை. என்னைக் கண்டுதான் அதிகம் பயந்தேன்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது முறை ஜெபித்தேன். நாலே வார்த்தை. "பயமா இருக்கு ஆண்டவரே. பேசவையும்."

"டாக்டரம்மா, சாப்பாடு இல்ல. என் தோட்டத்துத் திராட்ச. முந்தாநேத்துதான் மருந்தடிச்சது."

வாத்தியாரின் கை என் கையை விட்டது. டாக்டரம்மா டார்ச்சை எடுத்துப் பிள்ளையின் கண்ணைத் திறந்து பார்த்தார். "என்ன மருந்து? பேர் வேணும், உடனே."

முத்தையாவைக் கூப்பிட்டேன். மருந்து பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அவன் திருப்பிக் கேட்டான்: "அண்ணே, நான் துணி கட்டிட்டுத்தான வந்தேன்?"

"நீ கட்டுனடா. நான்தான் அவுத்தேன்." எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன்.

போட்டோ வந்தது. ஊசி போட்டார்கள். வாத்தியாரும் அவர் மனைவியும் கட்டிலின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வராண்டாவில் முழங்காலில் விழுந்தேன். நீளமாக ஜெபிக்கிற எனக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளே, "அப்பா, தண்ணி" என்று ஜெனியின் குரல் கேட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு சத்தம் போட்டு அழுதேன்.

டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார்: "நேரத்துக்குச் சொன்னீங்க. சொல்லலன்னா சாதாரண வயித்துக் கோளாறுன்னே பாத்திருப்போம்."

என் முதல் ஜெபத்துக்கு ஆண்டவர் காது கொடுக்கவில்லை. இரண்டாவதைக் கேட்டார். ஸ்தோத்திரம்!

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போகும் அன்று வாத்தியார் என்னிடம் வந்தார். "சாமுவேல், கோவம் இன்னும் போகல. ஆனா நீ வாயத் தொறந்த பாரு, அதுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி முழங்கால் போட்டேன்." அதற்குமேல் அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு சபை முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செயலாளர் பொறுப்பை ஒப்படைத்தேன். அந்த வரிசைப் பழம் முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தோம். கேட்டில் இருந்த வசனத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அதை எழுத எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. இப்போது வியாபாரி வந்தால் முதலில் சிவப்புத் துணி கட்டிய வரிசைக்குத்தான் கூட்டிப்போகிறேன். சிலர் திரும்பிப் போகிறார்கள், போகட்டும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பதை நாற்பது வயதில் கற்றுக்கொண்டேன்.

உங்கள் கடையிலோ, ஆபீஸிலோ, வயலிலோ யாரும் பார்க்கக் கூடாது என்று நீங்கள் அவிழ்த்து வைத்த துணி ஒன்று இருந்தால், இன்றைக்கே போய்க் கட்டிவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தோடேயே அவரிடம் கேளுங்கள், பேச வாய் கொடுப்பார்.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கும் திராட்சை கொண்டுபோனேன், நானே வெட்டி, நானே கழுவி. அழகு போயிருந்தது. ஏலத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. தலை குனிந்து நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. ஞானராஜ் வாத்தியார்.

ஜெனி கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மாமா, மொதல்ல நீங்க தின்னுங்க."

தின்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.