அரை மணியில் நிரம்பிய பற்றரி

என் தங்கையின் கணவர் கட்டாரில் இருபத்திரண்டு வருடம் சாரதியாக இருந்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பியபோது, வீட்டுக்கு மேல்மாடி போடுவார் என்று உறவுக்காரர் எதிர்பார்த்தார்கள். அவர் ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கினார். ஆசனங்களைக் கழற்றி எறிந்து, ஓட்டமாவடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் மாதக்கணக்காகப் போட்டு, கட்டில், குசினி, சின்னப் பிரிட்ஜ், கூரையில் சோலார் தகடு என்று அதை ஒரு நடமாடும் வீடாக்கினார். கட்டிலுக்குக் கீழே இரண்டு பெரிய பற்றரிகள். பக்கத்தில் இன்வேர்ட்டர். அது பற்றரியின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும். வீட்டு வயரைக் குத்தினால் பற்றரியை நிரப்பும். இந்த ஞானம் முழுவதும் அவருக்குப் போனில் வந்தது. வெள்ளைக்காரச் சோடிகள் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோப்பி குடிக்கும் வீடியோக்கள். அந்த வெள்ளைக்காரர் கோப்பிக்கு முன்பு கையேட்டை வாசித்திருப்பார் என்பது வீடியோவில் வராது.

வண்டி அவருடைய விளையாட்டு மட்டும் என்றால் நான் எட்டியும் பார்த்திருக்க மாட்டேன். என் தங்கைக்கு நித்திரையில் மூச்சு நிற்கும் வருத்தம். முகமூடி போட்டு, கரண்டில் ஓடும் ஒரு சின்ன இயந்திரத்தின் துணையோடுதான் படுப்பாள். அது வந்த நான்கு வருடத்தில் அவள் ஓர் இரவுகூட வேறு வீட்டில் தங்கியதில்லை. மகளின் வீட்டிலும் இல்லை. சம்பந்தி ஆட்களுக்கு முன்னால் அந்தக் குழாயைத் தும்பிக்கை மாதிரி வைத்துக்கொண்டு படுக்க வெட்கம். இந்த வண்டிக்குள் அவளுக்கென்று ஒரு கட்டிலும் கதவும் திரைச்சீலையும் இருந்தன. மாரி தொடங்குமுன் மன்னார், பிறகு மலைநாடு என்று ஒரு சுற்றுக்கு உடுப்புகூட அடுக்கிவிட்டாள். ஒத்திகையாக மூன்று இரவு முற்றத்திலேயே வண்டிக்குள் படுத்துப் பார்த்தாள். ஒரு மணித்தியாலம் போகுமுன் பிரிட்ஜ் ஓடத் தொடங்க, இன்வேர்ட்டர் கத்திவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தியது. மூன்று முறையும் அப்படியே. நாலாம் நாள் மச்சான், "அவள் வராட்டி நான் எண்ட கூட்டாளியோட போறன்" என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் என் உத்தியோகக் காலத்து வோல்ட் மீற்றரை எடுத்துக்கொண்டு போனேன்.

எனக்கு முன்பே இரண்டு நிபுணர்கள் வந்து போயிருந்தார்கள். பற்றரிக் கடைக்காரர், பற்றரி செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றாராம். பற்றரி விற்கிறவர் வேறென்ன சொல்வார்? மற்றவர் வாகன வயர் வேலைக்காரர். பியூஸைப் பெரிதாகப் போடச் சொன்னாராம். வண்டியை எரித்துவிட்டு நிம்மதியாக இருக்க விரும்புகிறவருக்கு அது நல்ல யோசனை.

"பற்றரியில ஒரு குறையும் இல்ல மச்சான்," என்றார் வண்டிச் சொந்தக்காரர். "வயரைக் குத்தினா அரை மணியில பச்சை லைற் வருது. முழுசா நிரம்பிருது."

"வெறும் பற்றரி அரை மணியில நிரம்புமெண்டா, கட்டார்க்காரன் எண்ணெய்க் கிணத்த மூடிட்டு உங்களிட்ட வந்திருப்பான்."

"அப்ப என்ன பிழை?"

"அளந்தாத்தான் சொல்லலாம். எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. பின்னேரம் அளக்கிறன்."

"பின்னேரமா? இப்பவே குத்திப் பாருங்க மச்சான், முள்ளு அசையும்தானே."

முப்பத்துநான்கு வருட அரச சேவையில், பற்றரியை ஓய விடாமல் அளக்கச் சொன்ன ஆட்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் எனக்கு மேலதிகாரிகள். சோலார் இணைப்பையும் சார்ஜரையும் நானே நிறுத்திவிட்டு, வாவிக்கரைக் காற்றில் கதிரை போட்டுக் குந்தினேன். அவர் பக்கத்தில் நின்று எனக்கு வீடியோ காட்டினார்.

பின்னேரம் இரண்டு பற்றரியும் ஒரேயளவாக, பன்னிரண்டு தசம் ஒன்று வோல்ட். அரைவாசிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் ஒன்றும் சாகவில்லை. சோற்றுக் குக்கரைப் போட்டேன். பற்றரி முனையில் பதினொன்று தசம் ஒன்பது. இன்வேர்ட்டரின் திரையில் பத்து தசம் மூன்று. இடையில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. எங்கே போகிறது என்று ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டு போவதுதான் முறை. அந்த முறையை எழுதிப் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தவன் நான். ஆனாலும் பட்டறைக்காரன் போட்ட வயரைப் பார்த்ததுமே, இவ்வளவு மெல்லிய வயரை எந்த மடையன் போடுவான் என்று தீர்மானித்துவிட்டேன். அடுத்த நாள் தடித்த வயர் வாங்கி, நுனிக்குத் தகடு அழுத்தி, இன்வேர்ட்டரிலிருந்து பற்றரி முனையைக் கவ்வும் கிளாம்ப் வரைக்கும் மாற்றினேன். பற்றரிக் கிளாம்புகளைத் தொடவில்லை. அவை மினுங்கிக்கொண்டு, இறுக்கமாக இருந்தன. அந்த வண்டியில் ஒழுங்காக இருந்த ஒரே சாமான் அவைதான் என்று நினைத்தேன்.

குக்கரைப் போட்டோம். பத்து தசம் ஐந்து. இன்வேர்ட்டர் கத்தியது.

மச்சானுக்கு அது பெருநாள். "பறவாயில்ல மச்சான், நீங்களும் ரெண்டு நாளாப் பாடுபட்டீங்க," என்று என் தோளில் தட்டிவிட்டு, கடைக்காரரிடம் புதுப் பற்றரி விசாரிக்கக் காத்தான்குடிக்குக் கிளம்பினார். கூட்டாளிக்கும் போன் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டே போனார். தங்கை குசினி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரி முனையிலும் மற்றதை அதன் மேலிருந்த கிளாம்பிலும் வைத்தேன். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவில் முக்கால் வோல்ட். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்த ஒரு பூச்சு. நாலு முனையிலும் அதுதான்.

"இது என்ன?" என்றேன்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "சந்தனம் அண்ணா. குங்குமமும். சரஸ்வதி பூசைக்கு நான் வச்சது."

"ஆயுதத்துக்குப் பொட்டு மேல வைக்கிறது. உள்ளுக்கு ஆரு வைக்கச் சொன்னது?"

"மேல வச்சா அழிஞ்சிரும்தானே. அதுதான் கழட்டி, வடிவாத் துடைச்சு, வச்சிட்டுத் திருப்பிப் பூட்டினன். மற்றச் சாமானுக்கு எல்லுப்போல. இதுக்கு மட்டும் கனக்க வச்சன். எனக்கு மூச்சு இதுக்குள்ள இருந்துதானே வரும்."

என் காரியாலயத்திலும் ஆயுத பூசை நடந்தது. பொட்டு பெட்டியின் மூடிக்கு வெளியேதான் என்று அதற்கும் நான் சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். இதை அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அவரிட்டச் சொல்லாதங்க அண்ணா. மன்னார் போய்ச் சேருமட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், காணுற சனத்துக்கெல்லாம். மறுகா நான் வர மாட்டன்."

சும்மா சொல்லவில்லை. வெட்கம் வந்தால் அவள் நாலு வருடம் வீட்டோடு இருக்கக்கூடியவள் என்பது எனக்குத் தெரியும்.

உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, நாலையும் பூட்டினேன். சார்ஜரில் போட்டேன். இந்த முறை பச்சை விளக்கு வரப் பொழுது சாய்ந்தது. முன்பெல்லாம் பூச்சு கரண்டை மறித்ததில், பற்றரி நிரம்பிவிட்டது என்று சார்ஜர் ஏமாந்திருக்கிறது. மச்சான் திரும்பி வந்து குக்கரையும் பிரிட்ஜையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். இன்வேர்ட்டர் வாய் திறக்கவில்லை.

"என்ன பிழை மச்சான்?"

என் சேவைக் காலத்தில் நான் பொய்யான அறிக்கை கொடுத்ததில்லை. அதனால் பொய் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. "முதல் வயர் மெல்லிசு. மாத்தினதுக்குப் பிறகு கிளாம்பை நான் வடிவா இறுக்கல்ல."

"நீங்களா?"

"ஓம், நான்தான்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்தச் சோலார் தகட்டிலும் எடுக்க முடியாது. நான் தொடவே தொடாத கிளாம்ப் எப்படி என்னால் தளர்ந்தது, பற்றரி ஏன் முன்பும் அரை மணியில் நிரம்பியது என்று கேட்கலாம். கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் என்னால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவும் முடியாது.

அடுத்த நாள் மத்தியானம் தங்கை வண்டிக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, முகமூடி போட்டு, மூன்று மணித்தியாலம் தூங்கினாள். அதற்கடுத்த நாள் புறப்பட்டார்கள். கூட்டாளி வீட்டில் இருந்தார்.

மன்னாரிலிருந்து ஒரு காலையில் போன் எடுத்தாள். கடலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்களாம், நல்ல நித்திரையாம், முகத்தில் முகமூடியின் தழும்போடே தேத்தண்ணி குடிக்கிறாளாம். அவளுக்குப் பின்னால் மச்சானின் குரல் தெளிவாகக் கேட்டது. யாரோ ஒரு மன்னார்க்காரருக்கு, தன் மச்சான் பெரிய அரச உத்தியோகத்தில் இருந்தவர், ஒரு கிளாம்பை இறுக்கத் தெரியாமல் மூன்று நாள் முழித்தார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் தான் வந்துதான் கண்டுபிடித்தாராம். அப்போது திரையில் எட்டு வோல்ட் காட்டியதாம்.

பத்து தசம் ஐந்து. நான் திருத்தவில்லை.