ஈ கடித்ததற்காகப் பசுவை விற்க முடியாது

1983 ஜூலை 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. மூன்று நாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலில்தான் மாட்டு ஈ அதிகம் வரும். தெரிந்தும், கட்டியே கிடந்த பசுவாயிற்றே என்று மேய்ச்சலுக்கு ஓட்டினேன். கயிறு நழுவாமலிருக்க மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன்.

எங்கள் மலையில் செம்மநத்தம் சரிவில், கட்டைவிரல் நுனி பருமனுள்ள ஈ ஒன்று பசுவின் வயிற்றில் உட்கார்ந்து ரத்தம் உறிஞ்சியது. குடையால் ஓங்கி அடித்தேன். ஈ பறந்துவிட்டது. அடிபட்ட பசு மிரண்டு, காப்பிச் செடிகளுக்கு நடுவே என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. பாறைப் பள்ளத்துக்கு ஐந்தடி முன்னால், ஒரு சில்வர் ஓக் மரத்தில் மாட்டிக் கயிறு அறுந்ததால் பிழைத்தேன். மூக்குக்கண்ணாடி உடைந்து, மணிக்கட்டு பிசகி, விழுந்து கிடந்த என் கழுத்திலும் ஒரு ஈ கடித்தது.

"ஏனுங்க, ஒரு ஈயை ஓட்டத் தெரியல, உங்களுக்கு எதுக்குங்க மாடு?" என்றாள் மனைவி.

சேலத்திலிருந்து வந்த மகன், "வித்துப்போடுங்கப்பா. அடிவாரத்துல ஆள் பார்த்துட்டேன்" என்றான்.

"ஈ என்னையுந்தான் கடிச்சுது. என்னையும் வித்துப்போடுவியா?" என்றேன்.

வாங்க வந்தவரைக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

எழுபத்திரண்டு வயதிலும் நானேதான் பசுவை ஓட்டுகிறேன். கயிற்றைக் கையில் சுற்றுவதில்லை. மழை விட்டு வெயில் அடித்தால் பசுவை அவிழ்க்காமல், கொட்டகையில் பச்சைத் தழை போட்டுப் புகை மூட்டுகிறேன். ஈ உட்கார்ந்தால் அடிப்பதில்லை, துணியால் தட்டிவிடுகிறேன்.

மூக்குக்கண்ணாடி, கைக்கட்டு, புதுக் கயிறு, வாங்க வந்தவரின் பஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு எண்பத்து நான்கு ரூபாய் அறுபது பைசா.