என் இடது சிறுநீரகம் பருத்திப்பட்டில் இருக்கிறது

இந்த நாட்டில் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் ஒன்றும் தரமாட்டார்கள். நெதர்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், உடம்பு அனலாகக் கொதிக்க, சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் 'ஹவுஸார்ட்ஸ்' கிளினிக்குக்குப் போனேன். ஹவுஸார்ட்ஸ் என்றால் நமக்கென்று ஒதுக்கப்பட்ட டாக்டர். அவரைத் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியும். அவர் தொண்டையைப் பார்த்தார், பாராசிட்டமால் போட்டுக்கொள் என்றார், பிறகு 'அஃப்வாக்தன்' என்றார். பொறுத்திருந்து பார் என்று அர்த்தம். ஊசி கிடையாதா என்று கேட்டேன். உன் உடம்புக்கு அதன் வேலை தெரியும் என்று சிரித்தார். எங்கள் ஆவடியில் இப்படிச் சொல்கிற டாக்டர் கடையைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அங்கே ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு அப்படியே ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் நாங்கள்.

அன்றைக்கே இன்னொரு கூத்தும் நடந்தது. முன்பு ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார். இடது கிட்னி இல்லை என்றேன். எங்கே போயிற்று என்றார். ஆவடியில் இருக்கிறது என்றேன். ஆவடியை அவர் ஏதோ ஆராய்ச்சி நிலையம் என்று நினைத்துவிட்டார். எதற்காக அங்கே வைத்திருக்கிறார்கள் என்று கவலையோடு கேட்டார். இல்லை, அது என் அண்ணன் வயிற்றில் இருக்கிறது, அண்ணன் ஆவடியில் இருக்கிறார் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பாதிக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

சேகர் அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். அப்பா காலம்வரை வெள்ளானூரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. மாதச் சம்பளம் என்ற ஒன்றை எங்கள் வீட்டில் முதலில் பார்த்தவர் அண்ணன்தான். நான் பயோடெக்னாலஜி படித்தது அவருடைய ஓவர்டைமில். அவருக்கு இரண்டு கிட்னியும் சுருங்கி, டயாலிசிஸ் நாற்காலியே கதி என்று ஆனபோது எனதுதான் பொருந்தியது. கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றைக் கிழிப்பதா என்று அம்மா அழுதாள். கொடுத்தேன். அதன்பிறகு பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் விஷயம் தெரிந்ததும் காபியை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள், மறுபடி பேச்சே இல்லை. தெருவில் எனக்கு 'ஒத்த கிட்னி' என்று பெயர் விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் வெளிநாட்டு வேலைகளுக்கு எழுதிப் போட்டேன். ஆக, கிட்னி ஊரில் தங்கிவிட்டது, நான் கிளம்பிவிட்டேன்.

இங்கே லேபில் என் வேலை, செல்கள் ஒன்றையொன்று கூப்பிடும் மூலக்கூறுகளை ரத்தத்தில் தேடி அளப்பது. உடம்புக்குள் அந்நியப் பொருள் எதையாவது கண்டால் ஒரு வெள்ளணு முதலில் செய்கிற காரியம் ஆள் திரட்டுவதுதான். இன்டர்லூக்கின் என்ற புரதத்தை வெளியே விடும். அது பட்ட மற்ற வெள்ளணுக்கள் பெருகும், திரண்டு வரும், வந்த இடம் வீங்கிச் சிவந்து சுடும். அழற்சி என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான். லேபில் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை விட்டு மருந்து சேர்த்தால், அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மஞ்சள் ஏறும். அண்ணனின் வெள்ளணுக்களுக்கு என் கிட்னி அந்நியம்தான். கூடப்பிறந்தவள் என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. அவர் காலையும் மாலையும் போடும் மாத்திரை வெள்ளணுவைக் கொல்லாது. அது ஆள் திரட்டும் புரதத்தைத் தயாரிக்கவிடாமல் உள்ளேயே தடுத்து வைக்கும். இதைப் போனில் நான் விளக்கியபோது அண்ணன் சிரித்தார்.

"புரியுதும்மா. 'டேய், வாங்கடா'ன்னு கொரல் உடுறான் பாரு, அவன் வாய பொத்திட்டா தெருவுல சண்டையே இல்ல. அதானே?"

"அதேதான் அண்ணே. ஆனா ஒரு வேளைகூட மாத்திரைய மறக்கக் கூடாது."

"மறப்பனா? உன் பொருளாச்சே, பத்திரமா வச்சிக்கினு கீறேன்."

பத்திரமாகத்தான் வைத்திருந்தார். இந்த மழைக்காலத்தில், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிட்னி கழித்து வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் ஏறிவிட்டது என்று அமுதா அண்ணி அழுதுகொண்டே போன் செய்தார். பிறகு பயாப்ஸி. அந்த ரிப்போர்ட்டை லேபில் உட்கார்ந்து போனில் படித்தேன். என் கிட்னியின் திசுவுக்குள் வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருந்தன. எவனோ குரல் கொடுத்துவிட்டான். எந்த மூலக்கூறு, எந்தப் பாதையில் போய், எந்தக் கதவைத் தட்டியிருக்கும் என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? லீவு கேட்டேன். கொஞ்ச நாள்தான் கிடைத்தது. இங்கே தங்க எனக்குக் கொடுத்திருக்கும் அனுமதிக் கார்டு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கார்டும் போகும். இருக்கிற லீவை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஆவடியில் எங்கள் பருத்திப்பட்டு ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சல், கொசு மருந்துப் புகை, மழைத்தண்ணீர். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்குக் கஞ்சி எடுத்துப் போக அண்ணியோடு சமையலறையில் நின்றேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் பச்சை மூடி போட்ட புது டப்பா ஒன்று இருந்தது. திறந்தேன், கசப்பு வாசனை. சீந்தில் பொடி.

"இது யாருக்கு அண்ணி?"

"அவருக்குத்தான். எதிர் ஃப்ளாட்டு ஐ.டி. அம்மா வாங்கியாந்து குட்த்தாங்க. தெனம் காலீல தேன்ல கொழச்சி குடுப்பேன். எதிர்ப்பு சக்திக்கு."

நான் டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிப்பதைப் பார்த்து அவரே தொடர்ந்தார். "டாக்டரே சொன்னாரு கலா, உங்க ஊட்டுக்காரருக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, ஜாக்கிரதையா பாத்துக்கோங்கன்னு. தெரு பூரா காய்ச்சலா கீது. கம்மியா கீதுன்னா ஏத்தணும் இல்ல?"

அண்ணி சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? ரத்தம் கம்மி என்றால் டானிக், தண்ணீர் கம்மி என்றால் இளநீர், எதிர்ப்பு சக்தி கம்மி என்றால் அதற்கொரு பொடி. பிஸ்கட் பாக்கெட்டில்கூட அந்தச் சக்தியைக் கூட்டித் தருகிறோம் என்றுதான் அச்சடித்து விற்கிறார்கள். அந்தக் கம்மியை நாமே மாத்திரை கொடுத்து உண்டாக்கி வைத்திருக்கிறோம், அது கம்மியாக இருக்கிறவரைதான் கிட்னி இருக்கும் என்று அண்ணிக்கு யாரும் சொல்லவில்லை. புருஷனுக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில், தூங்க வைத்த வெள்ளணுவைத் தட்டி எழுப்புகிற பொடியைத் தேனில் குழைத்துத் தந்திருக்கிறார். இதை அண்ணிக்கு மெல்ல எடுத்துச் சொன்னேன்.

"அதனாலதான் இப்டி ஆச்சா கலா?"

"தெரியல அண்ணி," என்றேன். உண்மை அதுதான். ஆனால் அதைக் கேட்ட அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்தபின், உண்மை யாருக்கு வேண்டும் என்றிருந்தது.

டாக்டரிடம் டப்பாவையே காட்டிக் கேட்டேன். அவர் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார். "இதனாலதான்னு சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. எல்லாம் சரியா இருந்தும் சிலருக்கு இப்படி ஆகும். பொடியை நிறுத்திட்டோம், ஸ்டீராய்டு ஏத்துறோம். வெயிட் பண்ணிப் பாக்கலாம்." அஃப்வாக்தன். அதே வார்த்தையைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் பறந்து வந்திருந்தேன்.

கட்டிலில் இருந்த அண்ணன், என் கிட்னியை வைத்துத் தைத்திருந்த வலது அடிவயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஒருவேள இது போயிட்ச்சின்னா, எடுத்துடுவீங்களா சார்?"

"பெரும்பாலும் எடுக்க மாட்டோம். தொந்தரவு கொடுக்கலைன்னா அங்கேயே விட்டுடுவோம். மறுபடி டயாலிசிஸ் பண்ணிக்கலாம்."

டாக்டர் போனபிறகு அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அமுதா கைல, அவ மேல தப்பு இல்லன்னு சொல்லிடு. பொடியால இல்லன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா, நீதான் படிச்சவ."

அன்று சாயங்காலமே சொன்னேன், பொடியால் இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார் என்று. அண்ணி பாத்திரம் தேய்த்தபடியே தலையாட்டினார். முதல் தடவை 'தெரியல' என்றவள் இப்போது 'இல்லை' என்றால் எப்படி நம்புவார்? குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களுக்கு நடுவே அந்தப் பச்சை மூடி டப்பாவும் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது.

என் லீவு முடிகிற நேரத்தில் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிரியாட்டினின் கொஞ்சம் இறங்கி, அதற்குமேல் இறங்காமல் நின்றுவிட்டது. எவ்வளவு நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் கிளம்பும்போது மாஸ்க்கோடு வாசல்வரை வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது அண்ணே என்றேன்.

"போனா போட்டும், உடு. வேல செய்லன்னா தொரத்தியா உட்ருவோம்? அது நம்ம ஊட்டு ஆளும்மா. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போட்டும்."

ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் கார்டை வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். இன்னும் அதே வேலையில்தானே இருக்கிறாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். கார்டைத் திருப்பித் தந்து உள்ளே விட்டார். பருத்திப்பட்டில் அண்ணன் வயிற்றுக்குள் இருக்கிற என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கப் போவதில்லை.