தாம்போதியில் நின்ற வெளிச்சம்

வாவியைக் கடந்து எங்கள் ஊருக்கு வரும் தாம்போதித் தெருவில் புது விளக்குகள் போட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். கீழே ஆள் அசைந்தால் பிரகாசிக்கும், அசைவு இல்லையென்றால் மங்கிவிடும். பகலில் வந்து திறந்துவைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இருட்டைப் பற்றி என்ன தெரியும் என்று வாயில் வந்தபடி ஏசினேன்.

எனக்கு அந்தத் தாம்போதி என்றாலே பயம். என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. ஒருமுறை கடை வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது, சீனி குறைந்து அங்கே மயங்கி விழுந்துவிட்டார். யாரோ கண்டு தூக்கிவந்தார்கள். அன்றிலிருந்து பொழுதுபட்டால் என் சமையல் உருப்பட்டதில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிடுவேன்.

ஏசிய விளக்குகளே பிறகு எனக்குத் துணையாயின. சமையல் நடுவே எங்கள் குசினி வாசலில் வந்து நின்றால் அவை தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தெரியும். ஒன்று பிரகாசிக்கும், அடுத்தது, அதற்கடுத்தது. மோட்டார் சைக்கிள் என்றால் வெளிச்சம் சடசடவென்று ஓடிவரும். என்னவருடையது ஆடி அசைந்து வரும். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒருநாள் வெளிச்சம் பாதி வழியில் நின்றது. அடுத்த விளக்கு பிரகாசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நின்ற விளக்கும் மங்கியது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. சீனிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்காக விளக்குகள் ஒவ்வொன்றாகப் பிரகாசித்தன. அடுத்த வெளிச்சத்தில் எதைப் பார்க்கப்போகிறேனோ என்று போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

மனிதர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஓரக் கல்லில் குந்தியிருந்து, கீழே தண்ணீரில் ஒருவர் வலை வீசுவதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போன் சாப்பாட்டுப் பைக்குள் கிடந்தது.

"சீனிப் போத்தலோட எங்க போறாய்?"

"உங்கட செத்த வீட்டுக்குத் தேத்தண்ணி ஊத்த."

சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஆள் இருக்கிறாரே என்ற சந்தோஷம்தான். வெளிச்சம் நின்றதையும் மங்கியதையும் விக்கி விக்கிச் சொன்னேன். அவர் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார்.

இப்போதும் வலையைக் கண்டால் நிற்கத்தான் செய்கிறார். அவரைத் திருத்த முடியாது. ஆனால் நிற்கிற நேரமெல்லாம் கம்பத்தடியில் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாராம். உன் புருசனுக்குப் பேய் கீய் பிடித்திருக்கிறதா என்று வலைக்காரரே என்னிடம் கேட்டார்.

குசினி வாசலிலிருந்து பார்த்தால் கை தெரியாது. பாதி வழியில் ஒரு விளக்கு மட்டும் மங்காமல் நிற்கும். நான் ஏசிக்கொண்டே கேத்தலை அடுப்பில் வைப்பேன்.