தெரிந்த முகம்

டிசம்பர் வந்தால் சேலையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சபைப் பெண்கள் கூடி, கிறிஸ்துமஸுக்குக் கல்கல் என்ற இனிப்புப் பலகாரம் பொரிப்போம். இலங்கைப் போரில் அகதியாக வந்து இங்கேயே தங்கிவிட்ட ஜெயந்தியும் போன டிசம்பரில் வந்திருந்தாள். முள்கரண்டியில் மாவைச் சுருட்டிக்கொண்டே, "எதிரிக்காக ஜெபிக்கணும்னு பாஸ்டர் சொல்றாரே, உன்னால முடியுதா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு ஆளுக்காக மட்டும் ஜெபிக்கிறன் அக்கா. என்ர தம்பியைச் சுட்ட ஆமிக்காரன்."

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "போயும் போயும் அவனுக்கா?"

"அவன்ர முகம் மட்டும்தான் எனக்குத் தெரியும். முகம் தெரியாத ஆக்களுக்கு என்னெண்டு ஜெபிக்கிறது?"

சொல்லிவிட்டு, எண்ணெய் காய்ந்ததா என்று ஒரு துண்டு மாவைப் போட்டுப் பார்த்தாள்.

நான் உலகச் சமாதானத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறவள். ஆனால் தண்ணீர் மோட்டார் சண்டைக்குப் பிறகு கீழ்வீட்டு விமலாவோடு பேச்சில்லை. எங்கள் கல்கல் தட்டு தெருவில் அந்த ஒரு வீட்டுக்குத்தான் போகாது.

முதல் தட்டை எடுத்துக்கொண்டு அன்று மாலை படியிறங்கினேன். கதவைத் திறந்த விமலா என்னையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க. காபி போடறேன்."

காபியில் சர்க்கரை ரொம்பவே தூக்கல். இரண்டு தம்ளர் குடித்தேன்.