உங்க இஷ்டம்

குத்தாலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்தும் வேம்புவுக்கு அன்று வகுப்பு நடுவில் நாற்காலியை இழுத்துப் போடக்கூடத் தெம்பில்லை. பஸ்ஸில் நின்றபடியே வந்த அலுப்பு ஒரு பக்கம். அன்று வெள்ளிக்கிழமை என்பது இன்னொரு பக்கம். வெள்ளிக்கிழமை மாலை மஸ்கட்டிலிருந்து அவள் கணவன் பகலவன் போன் செய்வான். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்த வருஷம் அங்கே வேலைக்குப் போனவன். ஒவ்வொரு தடவை அக்ரிமென்ட் முடியும்போதும், மறுபடி போடட்டுமா என்று கேட்பான். ‘உங்க இஷ்டம்’ என்பாள். இப்போதும் முடியப்போகிறது. இந்தத் தடவையாவது வந்துவிடுங்கள் என்று சொல்லவேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேசக் கற்றுத் தருகிறவளுக்கு அந்த ஒரு வரி வாயில் வருவதில்லை.

நாற்காலி விஷயம் பயிற்சி முகாமில் கற்றது. நாடகத்தில் வரும் ஆளாக ஒரு பிள்ளை அதில் உட்காரும். மற்றவர்கள் கேட்பதற்கெல்லாம் அந்த ஆளாகவே பதில் சொல்லும். பிறகு நாடகத்தை வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாம். மற்ற ஆசிரியர்கள் அதை முகாமிலேயே போண்டாவோடு மென்று விழுங்கிவிட்டார்கள். வேம்புதான் பிடித்துக்கொண்டு அல்லாடுகிறாள்.

அன்றைய நாடகப் பாடத்தில் ஒரு வணிகன் கப்பலேறுகிறான். மனைவி சிரித்த முகமாக வழியனுப்புகிறாள். மனைவியாக ஷிஃபா உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா துபாயில் இருக்கிறார்; அத்தா என்றுதான் கூப்பிடுவாள். போகாதீங்கன்னு ஏன் சொல்லவில்லை என்று வகுப்பிலிருந்து பூவிழி கேட்டாள்.

“போகட்டுமான்னு கேட்டாங்க. உங்க இஷ்டம்னு சொன்னேன். அப்படிச் சொன்னா வேணாம்னுதானே அர்த்தம்? அத்தாவுக்கு அது புரியலையே.”

வணிகனை அத்தா என்றதற்கு யாரும் சிரிக்கவில்லை. பாதி வகுப்பின் அப்பாக்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வேம்பு பாடப்புத்தகத்தை மூடி வைத்தாள். அந்தக் காட்சியை மறுபடி நடத்தச் சொன்னாள். இந்த முறை மனைவி போகாதே என்றாள், வணிகன் மூட்டையை இறக்கி வைத்தான். சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று ஒருத்தி கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாலையில் போன் வந்தது. அவன் மழையை விசாரித்தான், வயலை விசாரித்தான். அவன் கேட்கட்டும் என்று வேம்பு இந்தத் தடவை காத்திருக்கவில்லை.

“போதுங்க. வந்துடுங்க.”

“நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன் வேம்பு,” என்றான் பகலவன். “நீ எப்பவும் உங்க இஷ்டம்னுதானே சொல்லுவ.”